சின்னத் தட்டுகள்

கிரீன் சர்க்கிள் தாண்டி சர்வீஸ் ரோட்டில்
டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில்
புதிதாகத் திறந்திருக்கிறார்கள்.
எப்சிபாவுக்கு வேலை நிரந்தரமான கடிதம்
பதினோரு மணிக்கு வந்தது.
ஆறரைக்கெல்லாம் நாங்கள் மூன்று பேர்
லிஃப்ட் இல்லாத படிகளில் மூச்சு வாங்கினோம்.

மெனு அட்டை பரீட்சை அட்டை கனம்.
ஒரு பக்கம் ஆசியா. மறுபக்கம் தபாஸ்.
'ஆசியான்னா நாமளும்தானே' என்றாள் மெஹருன்,
'நம்ம சோறு எந்தப் பக்கம்டீ?'

பரிமாற வந்தவன் கஸ்பா பையன்.
புதுச் சட்டை, காலரில் இன்னும் விலைச்சீட்டின் நூல்.
ஒப்பித்தான்:
'தபாஸ்னா ஸ்பெயின் ஸ்டைல் மேடம்.
சின்னச் சின்னத் தட்டு.
நடுவுல வெச்சு எல்லாரும் எடுத்துக்கணும்.'

சின்னத் தட்டா.
காலை ஏழிலிருந்து நான் பார்ப்பதெல்லாம்
சின்னத் தட்டுதான் தம்பி.
உள்ளங்கை அகலம், மேலே ஒரு மூடி.
முப்பத்தேழு டிகிரியில் ஓர் இரவு இருந்தால்
யாரோ ஒருவருடைய சளி
புள்ளி புள்ளியாய் முளைத்துப் பேசும்.
அதில் ஒரு வகைக்கு சாக்லேட் என்று பெயர்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
மோந்து பார்த்து ஏமாந்தவள் நான்.

'சாப்பிடற இடத்துல பேசற பேச்சா' என்று
மேசைக்கடியில் எப்சிபா உதைத்தாள்.

முதல் தட்டில் நாலே நாலு கத்தரிக்காய்.
சோயாவும் தேனும் பூசி, எள் தூவி,
நெருப்பில் வாட்டியது.
மெஹருன் காம்பைத் திருப்பிப் பார்த்தாள். முள்.
'இது நம்ம இலவம்பாடிக் காய்டீ!
இருநூத்தித் தொண்ணூறு ரூபாயா?
ஸ்பெயினுக்குப் போய்ட்டு வந்த பஸ் சார்ஜா?'

பொய் சொல்லக் கூடாது,
தோல் கருகிய ஓரத்தில் தேன் இறுகி
நன்றாகத்தான் இருந்தது.
மூன்று பேர், நாலு காய்.
நாலாவதை ஆளாளுக்கு விட்டுக்கொடுத்ததில்
அது ஆறிப்போனது.

மோமோ வந்தபோது
சமையல்காரரே எட்டிப் பார்த்தார்.
லால்ரின். ஐசாலிலிருந்து
அக்காவின் ஆபரேஷனுக்குத் துணையாய் வந்தவர்.
அக்கா ஊர் திரும்பி நாலு வருஷமாயிற்று.
'காரம் போதுமா? இன்னும் சட்னி வேணுமா?'
அவருடைய தமிழில் 'போதுமா' மட்டும்
வார்டு நர்ஸ் கேட்பது மாதிரியே இருந்தது.
மாவை அவர் மடித்த மடிப்பு
என் புடவைக் கொசுவத்தைவிட நேர்த்தி.

பக்கத்து மேசையில்
வங்காளமோ அஸ்ஸாமோ,
அப்பா, அம்மா, மீசை அரும்பிய மகன்.
ஒரு கிண்ணம் சூப், மூன்று கரண்டி.
அவர்களும் நடுவில்தான் வைத்திருந்தார்கள்,
ஸ்டைல் என்று யாரும் சொல்லித்தராமல்.

அப்பாவின் மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை.

எனக்கு ஆட்களைத் தெரியாது.
எண்களைத் தெரியும்.
இன்று காலை ஒரு தட்டில் பார்த்தது நல்லதில்லை,
சீட்டில் எழுதி அனுப்பிவிட்டேன்,
கடைசி நாலு இலக்கம் மட்டும்
பகலெல்லாம் வாய்க்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் நூடுல்ஸை உயர்த்தினார்.
பட்டை நழுவி எங்கள் பக்கம் திரும்பியது.
விளக்கும் சரியாக அதன் மேல் விழுந்தது.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.
பெங்களூரு பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடியே போனது.
மலைமேல் கோட்டைச் சுவர் இருக்கும் திசையில்
இருட்டுதான் இருந்தது, அதையும் பார்த்தேன்.
அந்த மேசையில் ஏதோ பேசிச் சிரித்தார்கள்.
சூப் மீசையில் ஒட்டியிருக்க வேண்டும்.

'என்னடீ, கத்தரிக்கா வேணாமா?'
எப்சிபா எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.
அவளுடைய நாள். போடட்டும்.

பில்லுக்கு முன்னால் கை கழுவப் போனேன்.
விரலிடுக்கு, நகக்கண், முழங்கை வரைக்கும்,
ஷிஃப்ட் முடிந்து கழுவுவதுபோலக் கழுவினேன்.
கஸ்பா பையன் துண்டோடு காத்து நின்றான்.
பெருவிரலில் தேன்
கொஞ்சம் ஒட்டிக்கொண்டேதான் இருந்தது.